எண் 62-இல் ஒரு பொய்

முதல் நாள்: துறைமுகம்

எகிப்தின் செங்கடல் கரையில் இருக்கும் ஹுர்கதாவில் ஸ்கூபா டைவ் படகேறியதும் செருப்பைக் கழற்றி ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். இனி ஆறு நாளைக்கு அதற்கு வேலை இல்லை. அடுத்தது ஒரு படிவம். என்ன சான்றிதழ், காப்பீடு உண்டா, இதுவரை எத்தனை டைவ், கடைசியாக முங்கியது எப்போது. எத்தனை என்ற கட்டத்தில் 71 என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். எப்போது என்பதற்கு லாக்புக்கை, அதாவது ஒவ்வொரு டைவையும் எழுதி வைக்கும் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. வழிகாட்டி அந்தக் கட்டத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, நாளை முதல் டைவ் ஆழமில்லாத இடத்தில், எடை சரிபார்க்க மட்டும் என்றார். 71-ஐ அவர் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

என் லாக்புக்கைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வரும். வளையம் போட்ட சின்னக் கோப்பு. ஈரக் கையோடு தொட்டுத் தொட்டு, உப்புக் காற்றைக் குடித்துக் குடித்து, வாங்கியபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு பருத்துவிட்டது. பேனாவில் எழுதிய முதல் பதினைந்து பக்கங்கள் நீலக் கறையாகத்தான் இருக்கின்றன. பதினாறிலிருந்து பென்சில்.

படகில் இருபது பேர். தமிழ் பேச இன்னொருவர் இருப்பார் என்று நினைக்கவில்லை. இருந்தார். அறுபதைத் தாண்டிய அக்கா ஒருவர். வங்கித் தணிக்கையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், 430 டைவுக்கு மேல் முடித்தவர். மொழி ஒன்றாக இருக்கிறதே என்று வழிகாட்டி எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டுவிட்டார். தண்ணீருக்குள் யாரும் பேசப்போவதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"உங்க புக்கைக் கொஞ்சம் குடுங்க தம்பி. யாரோட இறங்கப் போறேன்னு தெரியணும்ல."

கொடுத்தேன். ஜாதகம் பார்ப்பவர் மாதிரி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மீன் பெயர்களை, என் வர்ணனைகளை, ஒட்டி வைத்திருந்த முத்திரைகளை எல்லாம் தாண்டிப் போய்விட்டார். எண்கள் இருந்த பத்தியை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. எண் 62.

"24 மீட்டர், சராசரி 16. 41 நிமிஷம். சிலிண்டர்ல காத்து 200-ல ஆரம்பிச்சு 50-ல முடிச்சிருக்கீங்க. அன்னிக்கு மட்டும் சரியா மூச்சு விடலையா?"

மற்றவர்களுக்காக அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 12 லிட்டர் சிலிண்டரில் 150 பார் (அழுத்தத்தின் அளவு) செலவு என்றால் 1800 லிட்டர் காற்று. 41 நிமிடத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 44. பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் ஏறும், மேற்பரப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ஆக 16 மீட்டரில் 2.6. அதனாலும் வகுத்தால் நிமிடத்துக்கு 17 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆழம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பிடக்கூடிய எண் இது. டைவ்காரர்கள் இதை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் எடை போடுகிறார்கள். எனக்கு எப்போதும் 20, ஒன்று முன்னே பின்னே. 62-இல் மட்டும் 17.

"அன்னிக்கு நல்ல டைவ் அக்கா, ரொம்ப அமைதியா இருந்தேன்" என்றேன்.

"ம்" என்று புத்தகத்தை மூடிக் கொடுத்தார். முப்பது வருடத் தணிக்கையில் எத்தனை பேருக்கு அந்த "ம்" விழுந்திருக்கும்!

இரண்டாம் நாள்: எடை

இன்று மூன்று டைவ். 72, 73, 74. சொல்லிக்கொள்ள பெரிதாக எதுவும் இல்லை. எழுதிக்கொள்ள இருக்கிறது.

போன முறை வேறொரு கடலில் முங்கியபோது 5 மில்லிமீட்டர் தடிப்பு உடைக்கு, மிதக்காமல் முங்க இடுப்பில் கட்டும் ஈயம் 7 கிலோ சரியாக இருந்தது என்று எழுதி வைத்திருந்தேன். அதையே கட்டிக்கொண்டு குதித்தேன். இறங்கும்போது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கடைசியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், அங்கேதான் மானம் போனது. பலூன் மாதிரி மேலே போகப் பார்க்கிறேன், காலை மேலே தூக்கித் தலைகீழாக உதைத்துக்கொண்டு நிற்கிறேன். அக்கா பக்கத்தில் தியானத்தில் இருப்பவர் மாதிரி கை கட்டிக்கொண்டு மிதக்கிறார்.

காரணம் இரண்டு. செங்கடல் உப்பு அதிகமான கடல். பொதுவாகக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் இங்கே 40. உப்பு ஏற ஏற நம்மைத் தூக்கிவிடும். இன்னொன்று காற்றின் எடை. நிரம்பிய 12 லிட்டர் சிலிண்டரில் இருக்கும் 2400 லிட்டர் காற்று கிட்டத்தட்ட மூன்று கிலோ. டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுத் தீர்த்திருப்போம். அதனால் எடை போதுமா என்பதைத் தொடக்கத்தில் பார்த்துப் பயனில்லை, காலி சிலிண்டரோடுதான் பார்க்க வேண்டும். இரண்டாவது டைவில் 8 கிலோ. நின்றேன். லாக்புக்கில் "செங்கடல், 5 மி.மீ., 12 லி. அலுமினியம், 8" என்று எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். உண்மையில் லாக்புக்கில் நான் திரும்பத் திரும்பத் தேடிப் படிக்கும் வரி இது ஒன்றுதான். பார்த்த ஆமைகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் திரும்பிப் படித்ததில்லை.

மதியம் படகின் நிழலில் ஒரு விவாதம். கையில் கட்டும் கம்ப்யூட்டரே சில வினாடிக்கு ஒருமுறை ஆழத்தைப் பதிந்துகொள்கிறதே, அப்புறம் காகிதம் எதற்கு என்று ஓர் இளைஞர் கேட்டார். அவர் போனில் ஒவ்வொரு டைவும் அழகான வளைகோடாக இருக்கிறது. நானும் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன்தான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் டைவ் பித்து பிடித்தவர். தன் டைவுகளைப் பதிந்துகொள்ள 2011-இல் அவர் தொடங்கியதுதான் சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருள். வேறு வேறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து தகவலை இறக்கிக்கொள்ளும். வளைகோட்டைப் பார்த்தால் எந்த இடத்தில் அவசரப்பட்டு ஏறினோம் என்பது தெரிந்துவிடும், மறைக்க முடியாது.

அக்கா அந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. அவர் கற்றுக்கொண்டது அட்டவணையை வைத்து. முதல் டைவின் ஆழத்தையும் நேரத்தையும் அட்டையில் பார்த்தால் ஓர் எழுத்து வரும். உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் தங்கியிருக்கிறது என்பதற்கு அந்த எழுத்துதான் அடையாளம். மேலே இருந்த நேரத்தைக் கழித்தால் வேறோர் எழுத்து. அதை வைத்துத்தான் அடுத்த டைவுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கு. "எழுதலைன்னா அடுத்தது இறங்க முடியாது. அப்ப இது நினைவுக்கு எழுதுறது இல்ல தம்பி, பாக்கிக் கணக்கு."

அவருடையது கடையில் விற்கும் லாக்புக் கிடையாது. பேரேடு மாதிரி நீள நோட்டு. இடது பக்கம் முழுக்க எண்கள். வலது பக்கம் ஒரே ஒரு வரி.

இரவு டைவுக்கு நான் போகவில்லை. தூக்கம்.

மூன்றாம் நாள்: அபு நுஹாஸ்

கப்பல்களின் கல்லறை என்று இந்தப் பவளத் திட்டைச் சொல்வார்கள். நீர்மட்டத்துக்கு ஒட்டி ஒளிந்திருக்கிறது, கப்பல்கள் போகும் பாதைக்குப் பக்கத்தில். மோதியவை வரிசையாகக் கீழே கிடக்கின்றன.

காலை கார்னாட்டிக். 1869 செப்டம்பரில் மோதிய பயணிகள் கப்பல், பாயும் உண்டு நீராவியும் உண்டு. மோதியவுடன் எல்லோரையும் இறக்கியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. வேறு கப்பல் வரும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். ஒரு நாளுக்கு மேல் கழிந்து கப்பல் இரண்டாக உடைந்தது. 31 பேர் போய்விட்டார்கள். இப்போது மரத்தளமெல்லாம் மக்கிப்போய் இரும்பு விலாவெலும்பு மட்டும் நிற்கிறது. அந்தக் கம்பிகளுக்கு நடுவே வெயில் சாய்வாக விழுகிறது, கண்ணாடி மீன்கள் திரை மாதிரி விலகி வழி விடுகின்றன. எண் 75. 25 மீட்டர், 43 நிமிடம். அருமை.

லாக் என்ற சொல்லே கப்பலிலிருந்து வந்தது. அதற்கு நேர்ப்பொருள் மரக்கட்டை. முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். அதை எழுதி வைத்த புத்தகம் லாக்புக். எழுதுபவர் ஒழுங்காக எண்ணினால்தான் கப்பல் எங்கே இருக்கிறது என்பதே தெரியும். கார்னாட்டிக் கீழே கிடக்க, மேல்தளத்தில் தேநீரோடு இதை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் எனக்கு வரப்போவது தெரியாமல்.

எண் 76. ஜியான்னிஸ் டி. 1983-இல் மரச்சுமையோடு மோதிய கிரேக்கச் சரக்குக் கப்பல். பின்பகுதி கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமாக 45 பாகை சாய்ந்து. உள்ளே நுழைந்தால் தலை சுற்றும் என்று வழிகாட்டி முன்பே சொன்னார். எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

இயந்திர அறைக்குள் போகும் வழியில் ஒரு மாடிப்படி. படி சாய்ந்திருக்கிறது, கைப்பிடி சாய்ந்திருக்கிறது, கதவுச் சட்டம் சாய்ந்திருக்கிறது. கண் அவற்றை நேராக எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் சாய்ந்திருப்பது நான். நேராக வேண்டும் என்று உடம்பைத் திருப்பினேன், தோள் எதிலோ இடித்தது. என் குமிழிகள் மேலே போகாமல் சுவரை ஒட்டிக் குறுக்காக ஓடின. குமிழி பொய் சொல்லாது, மேலேதான் போகும் என்பது முதல் நாள் பாடம். அந்த நேரத்தில் நான் குமிழியை நம்பவில்லை, படியை நம்பினேன். வயிற்றைப் புரட்டியது. வாயில் இருப்பதைத் துப்பிவிட்டால் நன்றாக மூச்சு விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அது எவ்வளவு இயல்பான நினைப்பாக வந்தது என்பதுதான் இப்போது எழுதும்போதும் கை நடுங்க வைக்கிறது. மூச்சு நாய் இரைப்பது போல ஓடிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டில் ஒரு பிடி. அக்கா. என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, தன் வாயிலிருந்து புறப்படும் குமிழியைக் காட்டி, அது போகும் திசையிலேயே விரலை மெதுவாக நகர்த்தினார். இரண்டு தடவை. மூன்றாவது தடவை அது மேலே என்று எனக்கு விளங்கியது. கையை விடாமலே வெளியே கூட்டிவந்தார். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் என் அளவியைப் பார்த்தேன். 30.

மேலே ஏறியதும் ஒரு பலகை இருக்கும். பெயர், ஆழம், நேரம், மீதிக் காற்று. 50 பாரோடு படகுக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. பென்சிலை எடுத்தேன். 3-க்கும் 5-க்கும் கீழ் வளைவு ஒன்றுதான், தலையில் ஒரு கோடுதான் வித்தியாசம். பின்னால் அக்கா தலை துவட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. 30 என்று எழுதினேன்.

வழிகாட்டி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்ததற்கு 15 லிட்டர் சிலிண்டர். கப்பலுக்குள் வேண்டாம், வெளியிலேயே சுற்று." அவ்வளவுதான். திட்டுவார் என்று தயாராக இருந்ததால் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இரவு லாக்புக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 200-இலிருந்து 30. 34 நிமிடம், சராசரி 14 மீட்டர். 170-ஐ 12-ஆல் பெருக்கி, 34-ஆல் வகுத்து, 2.4-ஆல் வகுத்தால், மீதமே இல்லாமல் 25. என் வழக்கம் 20. பயத்துக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். 50 என்று எழுதியிருந்தால் 22 வந்திருக்கும். கொஞ்சம் பதற்றமான நாள் என்று நானே பிற்பாடு நம்பியிருப்பேன்.

அக்கா வந்து உட்கார்ந்தபோது 62-ஐப் பற்றி நானாகச் சொன்னேன். ஓர் ஆமையின் பின்னால் கேமராவோடு போனேன். ஆமைக்கு அவசரம் இல்லை, எனக்கு இருந்தது. அளவியைப் பார்க்கும்போது எண்பதுக்குக் கீழே. படகுக்கு ஏறியபோது 20. அன்று கூட இருந்த பயிற்சியாளர் புத்தகத்தில் முத்திரை வைக்கக் காத்திருந்தார், 20 என்று எழுதினால் என்ன கேட்பாரோ என்று 50 என்று எழுதினேன். அவர் பார்க்கவே இல்லை, குத்திவிட்டுப் போய்விட்டார்.

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே."

"இல்லக்கா. இது ஆழம், நேரம், வெப்பம் மட்டும்தான் பதியும். சிலிண்டரோட பேசுற கருவி இதுல இல்ல."

அக்கா சிரித்தார். "அப்ப மெஷினுக்குத் தெரியாத ஒரே நம்பர் அதுதான். அதைப் பார்த்துப் பொய் எழுதியிருக்கீங்க."

நான்காம் நாள்: திஸில்கார்ம்

விடிவதற்கு முன்பே எழுப்பிவிட்டார்கள். மற்ற படகுகள் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

இன்று முதல் நைட்ராக்ஸ், அதாவது 32 சதவீதம் ஆக்சிஜன் கலந்த காற்று. நைட்ரஜன் குறைவதால் அடியில் கூடுதல் நேரம் கிடைக்கும், ஆனால் ஆழம் போனால் அதே ஆக்சிஜன் நஞ்சாகும். அதனால் அவரவர் சிலிண்டரை அவரவரே அளந்து, படகின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு 31.6 காட்டியது. ஆக்சிஜனின் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. 1.4-ஐ 0.316-ஆல் வகுத்தால் 4.43 பார், அதாவது 34 மீட்டர். மணல் தரை அதற்குச் சற்று மேலே. "வேறொருத்தர் அளந்து சொன்னா எழுதாதீங்க" என்றார் அக்கா, தன் சிலிண்டரை இரண்டாவது முறை அளந்துகொண்டே.

இன்னொரு கணக்கும் போட்டார். 25 மீட்டரில் அழுத்தம் 3.5. நிமிடத்துக்கு 20 லிட்டர்காரன் அங்கே 70 லிட்டர் இழுப்பான். 12 லிட்டர் சிலிண்டரில் 100 பார் 17 நிமிடம் வரும். 17 லிட்டர்காரனுக்கு 20 நிமிடம். "உங்க 62-ஐ நம்பித் திட்டம் போட்டிருந்தா மூணு நிமிஷம் கடன்" என்றார். எனக்கு 15 லிட்டர் சிலிண்டர்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். நீரோட்டம் கொடிக்கம்பத்துத் துணி மாதிரி எங்களை விரித்து அடித்தது. தளத்தை எட்டியதும் அடங்கிவிட்டது.

திஸில்கார்ம் 126 மீட்டர் நீளக் கப்பல். 1940-இல் கட்டியது. எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவையே சுற்றி வந்து, சூயஸுக்குள் நுழைய முறை வரும்வரை இங்கே நங்கூரம் போட்டிருந்தது. 1941 அக்டோபர் 6, நள்ளிரவு தாண்டிய நேரம். ஜெர்மானிய ஹைங்கல் விமானங்கள் குண்டு போட்டன. பின்பகுதியில் இருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். தளத்தில் இருந்த ரயில் இன்ஜின்கள்கூடத் தூக்கி எறியப்பட்டுத் தள்ளி மணலில் கிடக்கின்றன. 1950-களில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோ இதைக் கண்டுபிடித்தார், பிறகு தொண்ணூறுகளில்தான் டைவ்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

திறந்த கிடங்குகளில் மேலிருந்தே எட்டிப் பார்க்க முடிகிறது. லாரிகளின் மேல் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி ஏற்றியிருக்கிறார்கள், பி.எஸ்.ஏ. வண்டிகள். டயர் இருக்கிறது, ஹேண்டில் இருக்கிறது, அடுத்து யாராவது உதைத்துக் கிளப்ப வேண்டியதுதான் பாக்கி. ஒரு மூலையில் ரப்பர் பூட்ஸ் குவியல். வண்டிகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு பூட்ஸைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. போட்டுக்கொள்ள இருந்த கால்கள் எங்கெங்கோ வேறு ஏதோ மாட்டிக்கொண்டு போரிட்டிருக்கும்.

வழிகாட்டி உள்ளே வருகிறாயா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று கை அசைத்தேன். இதற்கு முன் ஒரு வழிகாட்டிக்கு நான் அப்படி அசைத்ததே இல்லை.

எண் 78. 205-இலிருந்து 50, 42 நிமிடம், சராசரி 18 மீட்டர். மூச்சுக் கணக்கு 19.8.

ஆமாம், 50. உண்மையான 50. படகில் ஏறி அளவியைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது எரிச்சலும் வந்தது. ஒழுங்காக முங்கி ஒழுங்காக 50-இல் ஏறியிருக்கிறேன், எழுதினால் நானே நம்பமாட்டேன் போலிருக்கிறது. பலகையில் எழுதுவதற்கு முன் அளவியை அக்காவிடம் நீட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "48" என்றார். முள் 50-இல்தான் நின்றது என்று நான் இப்போதும் சொல்வேன்.

79-உம் 80-உம் இதே கப்பல்தான், 80 இரவில். இரவில் டார்ச் வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் சிவப்பு நிறம் திரும்பி வருகிறது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான், பகலில் அத்தனை துருவும் சாம்பலாகத்தான் தெரிந்தது.

ஐந்தாம் நாள்: ராஸ் முகமது

சுருக்கமாக. 81, 82, 83.

சினாய் முனையில் 1983 முதல் தேசியப் பூங்கா. இரட்டைத் திட்டுகள், ஒரு பக்கம் சுவர் அப்படியே நீலத்துக்குள் இறங்கிப் போகிறது, தரை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நீரோட்டத்தோடு மிதந்துபோய் இரண்டாவது திட்டான யோலாந்தாவில் முடித்தோம். அங்கே 1980-இல் மோதிய சரக்குக் கப்பலில் இருந்தது குளியலறைச் சாமான். கப்பலின் பெரும்பகுதி பின்னாளில் ஆழத்துக்குச் சரிந்துவிட்டது, கழிவறைக் கோப்பைகள் மட்டும் பவளத்துக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. ஒன்றின் மேல் பெரிய நெப்போலியன் மீன் ஒன்று கடந்து போனது. இருபது பேரில் பதினைந்து பேராவது அவற்றின் மேல் உட்காருவது போல் படம் எடுத்திருப்பார்கள். நானும். லாக்புக்கில் இதை எழுதியிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

அக்காவின் நோட்டில் வலது பக்க வரியை இன்று படிக்க விட்டார். மீன் பட்டியல் கிடையாது. ஒரு டைவுக்கு ஒரு தவறு. "மாஸ்க் கட்டும் முன் முடியை ஒதுக்கவில்லை." "வழிகாட்டிக்கு முன்னால் போனேன்." "டார்ச் மின்கலம் பார்க்கவில்லை." 76-க்கு நேரான அவருடைய பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடினேன். "தம்பி தோளை இடித்தபோதே பிடித்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தேன்."

அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தேநீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆறாம் நாள்: திரும்பும் வழி

84, 85. கடைசி டைவிலிருந்து 11:20-க்கு மேலே வந்தோம். அந்த நேரத்தைத் தடித்த எழுத்தில் எழுதிக்கொண்டேன். உடம்பில் நைட்ரஜன் பாக்கி இருக்கும்போது விமானம் ஏறினால், அதன் பயணிகள் அறைக்குள் அழுத்தம் குறையும்போது அது குமிழியாகிவிடும். பல நாள் தொடர்ந்து முங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது பரிந்துரை. என் விமானம் நாளை பிற்பகல் 1:30. 26 மணி பத்து நிமிடம். போதும்.

தண்ணீரின் வெப்பம் 26 பாகை, அடியிலும். எடை கடைசிவரை 8 கிலோவே. ஆறு நாளில் என் மூச்சுக் கணக்கு 20.1-இலிருந்து 19.6-க்கு இறங்கியிருக்கிறது, 76-ஐச் சேர்க்காவிட்டால். சேர்த்தால் 20. சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஏழாம் நாள்: கரை

செருப்புக் கூடையில் என் செருப்பு அடியில் இருந்தது. விடுதி மாடியில் ஈர உடைகள் காய்கின்றன. லாக்புக்கையும் பக்கம் பக்கமாக விரித்து வெயிலில் வைத்திருக்கிறேன், இன்னும் ஒரு சுற்று பருக்கும்.

அக்காவின் விமானம் மாலையில். காலை உணவு முடிந்ததும் 72 முதல் 85 வரை ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்துப் போட்டார். மொத்தமாக ஒரு கோடு இழுத்துப் போடலாமே என்றேன். "ஒவ்வொண்ணும் தனி டைவ்." அவர் வராத 74-இல் மட்டும் போடவில்லை, அன்று அவருக்குக் காது அடைத்திருந்தது. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

பிறகு 62-ஐத் திறந்தேன். அழிப்பானை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார்.

"ரப்பர் போடாதீங்க. ஒரே ஒரு கோடு. அடியில இருக்கிறது படிக்க முடியணும். பக்கத்துல சரியான நம்பர், இன்னிக்குத் தேதி, உங்க கையெழுத்து."

50-இன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 20. மூச்சுக் கணக்கைத் திரும்பப் போட்டேன். 2160 லிட்டர், 41 நிமிடம், 2.6. விடை 20.3. மற்ற எல்லா நாளையும் போல.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க அக்கா, சாட்சிக்கு."

புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "நான் அங்க இல்லையே தம்பி."

அந்த வரியில் இப்போதும் அன்றைய பயிற்சி மையத்தின் முத்திரை இருக்கிறது, நீல மையில், கொஞ்சம் கோணலாக. அது 50-க்குக் குத்தியது. 20-க்குப் பக்கத்தில் என் கையெழுத்து மட்டும்.